டிசையர், எட்டியோஸ், அமேஸ்: திருநெல்வேலிப் பக்கம் பழைய டீசல் கார் வாங்க எது தோது?

நாலு லட்சத்துக்குள் ஒரு பழைய டீசல் கார், அதுவும் டிக்கி வைத்த செடானாக வேண்டும் என்று தேடுகிறவர்கள் நம்ம வட்டாரத்தில் நிறைய. குலசையில் தசரா, ஆனி ஆடியில் குற்றாலம், ஊரில் கோயில் கொடை, நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்த மகள் வீடு, மதுரையில் ஆஸ்பத்திரி என்று ஐந்து பேர் சாமான்களோடு வருடம் முழுக்க ஓட வேண்டியிருக்கிறது. இந்தப் பணத்தை வைத்துக்கொண்டு எந்தக் கார் கன்சல்டிங்கில் போய் நின்றாலும் மூன்று வண்டிகள் கண்ணில் படும்: மாருதி டிசையர், டொயோட்டா எட்டியோஸ், ஹோண்டா அமேஸ். ஆசைப்பட்டவர்களுக்கு ஓரத்தில் ஒரு ஃபோக்ஸ்வாகன் வென்டோவும் நிற்கும்.

வாங்குகிறவர்கள் பேரம் பேசுவதெல்லாம் விலையில்தான். இருபதாயிரம் குறைத்துவிட்டால் வெற்றி என்று கிளம்பிவிடுகிறார்கள். டீசல் காரில் அந்த இருபதாயிரம் ஒரே வாரத்தில் பட்டறையில் போய்விடும். பெட்ரோல் காரில் வழக்கமான ரிப்பேர் ஆயிரங்களில் முடியும். டீசலை உயர் அழுத்தத்தில் ஒரே குழாயில் (ரெயில்) தேக்கி எல்லா சிலிண்டருக்கும் பீய்ச்சுகிற காமன் ரெயில் டீசலில் ஒரு பெரிய பார்ட்டை மாற்ற வேண்டிவந்தாலே செலவு பத்தாயிரத்தில் தொடங்கும். அதனால் விற்கிற விலையோடு, வாங்கிய பிறகு முதல் இரண்டு வருடம் பட்டறைக்குக் கொடுக்கப்போவதையும் சேர்த்துக் கூட்டினால்தான் ஒரு காரின் உண்மையான விலை தெரியும். எது கெடும், கெட்டால் எவ்வளவு ஆகும், அதைத் திருநெல்வேலியிலேயே சரி பண்ண ஆள் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளை வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

டீசல்தான் வேண்டுமா?

டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இப்போது லிட்டருக்கு எட்டு, ஒன்பது ரூபாய்தான் வித்தியாசம். மாதம் 1,000 கி.மீ. ஓடுகிற குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று கார்களும் ரோட்டில் சுமாராக லிட்டருக்கு 20 கி.மீ. கொடுக்கும். 50 லிட்டர் டீசல், ஏறக்குறைய 4,650 ரூபாய். அதே அளவு பெட்ரோல் செடான் 15 கொடுத்தால் 67 லிட்டர், 6,750 ரூபாய் பக்கம் வரும். மாதம் இரண்டாயிரம், வருடத்துக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் மிச்சம். ஓட்டம் மாதம் 400 கி.மீ.தான் என்றால் வருட மிச்சம் பத்தாயிரத்தோடு நின்றுவிடும். டீசலைப் பீய்ச்சுகிற ஒரு புது இன்ஜெக்டர் வாங்க அது காணாது.

பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன், ஜங்ஷனிலிருந்து டவுன் என்று தினமும் ஐந்து, ஆறு கி.மீ. மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு டீசல் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுவதால் கரி சேர்ந்து, புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடுகிற இ.ஜி.ஆர். வால்வு அடைத்துக்கொள்ளும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டியும் சேர்ந்துவிட்டது. குறுகிய ஓட்டத்தில் அதுவும் அடைக்கும், மாற்றுவதற்குப் பெருந்தொகை ஆகும். நம்ம பட்ஜெட்டில் வருகிற வண்டிகள் பெரும்பாலும் பி.எஸ். 4. அவற்றில் அந்த வடிகட்டித் தொல்லை இல்லை என்பது பழைய வண்டிக்கு ஒரு நல்ல பக்கம்.

எல்லா டீசலுக்கும் பொதுவான செலவுகள்

கீழே சொல்கிற தொகையெல்லாம் வெளிப் பட்டறைக் கணக்கு. கம்பெனி சர்வீஸுக்குப் போனால் ஒன்றரை மடங்குவரை ஏறும்.

முதல் கவலை இன்ஜெக்டர். நம்ம மெக்கானிக்குகள் பழக்கத்தில் நாசில் என்றே சொல்வார்கள். லட்சம் கி.மீ. தாண்டிய எந்த டீசல் வண்டியையும் ரிட்டர்ன் டெஸ்ட் (இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வழிகிற டீசலை அளப்பது) பார்க்காமல் வாங்கக் கூடாது. டீசல் லேப்பில் இதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் விஷயம் நன்றாகப் புரியும். நாலு இன்ஜெக்டரிலும் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றிவிட்டு, நாலு மெல்லிய டியூப்பைச் சொருகி, பானெட் ஓரத்தில் தொங்கவிட்ட நாலு சின்ன பாட்டிலுக்குள் விடுவார்கள். வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் பாட்டில்களில் டீசல் சேரும். நான் பார்த்த ஒரு வண்டியில் மூன்று பாட்டிலில் ஒரு விரற்கடை உயரம் சேர்ந்திருந்தது. நாலாவது கழுத்துவரை ஏறிவிட்டது. “அண்ணாச்சி, மூணு நாசில் சரியா இருக்கு. நாலாவதுலதான் ரிட்டர்ன் கொட்டுது. இப்படி இருந்தா ரெயில்ல பிரஷர் நிக்காதுலா. இப்ப ஓடும், சூட்டுல நிப்பாட்டிட்டு எடுத்தா செல்ஃப் அடிச்சுக்கிட்டே கெடக்கும்” என்றார் லேப்காரர். விற்க வந்தவரின் முகம் சுருங்கிவிட்டது. அந்த டெஸ்ட்டுக்குச் சில நூறு ரூபாய்தான். இன்ஜெக்டரை ரிப்பேர் பண்ண ஒன்றுக்கு மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம், புதிது என்றால் பன்னிரண்டிலிருந்து பதினெட்டாயிரம். நாலையும் மாற்ற வேண்டிவந்தால் காரின் விலையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு செம்பு வாஷர் உண்டு. அது தேய்ந்தால் எரிந்த புகை மேலே கசிந்து, தார் ஊற்றியது போல் கறுப்பாக இறுகிவிடும். வாஷர் மலிவு, இறுகிப்போன இன்ஜெக்டரைக் கழற்றுவதற்குத்தான் கூலி ஏறும். பானெட்டைத் திறந்ததும் இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்புப் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்து, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ. நான்கு வழிச்சாலையில் கயத்தாறிலிருந்து காவல்கிணறுவரை விரட்டிக்கொண்டு வந்து, டீக்கடையில் நிறுத்திய நொடியே சாவியைத் திருப்புகிற பழக்கம் பலருக்கு. சுற்றிக்கொண்டிருக்கும் டர்போவுக்கு ஆயில் நின்றுபோய் பேரிங் கருகும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணைத்தால் போதும். டர்போ கிட் போட்டுச் சரிசெய்யப் பன்னிரண்டிலிருந்து இருபதாயிரம், புதிது முப்பதாயிரத்துக்குக் குறையாது. டர்போவிலிருந்து காற்று போகிற இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். லேசான ஈரப்பசை இருக்கலாம். ஆயில் சொட்டினால் டர்போ வேலை வரப்போகிறது என்று அர்த்தம். திசையன்விளை, உடன்குடி தேரிப் பக்கம் ஓடிய வண்டி என்றால் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்டருக்கு அந்தப்பக்கம், இன்ஜினுக்குப் போகிற வாயில் செம்மண் படிந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

கிளட்ச் செட் வண்டியைப் பொறுத்து எட்டிலிருந்து பதினெட்டாயிரம். இ.ஜி.ஆர். கழற்றிக் கழுவ இரண்டு, மூன்றாயிரம். ஏ.சி. கம்ப்ரஸர் பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரம்; பாளையங்கோட்டை வெயிலுக்கு ஏ.சி. இல்லாமல் குழந்தைகளோடு போக முடியாது என்பதால் இதையும் இன்ஜினுக்குச் சமமாகப் பாருங்கள். ஹெட் வேலை, போர் வேலை என்று முழு இன்ஜினையும் பிரித்தால் எழுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். அதற்கு அறிகுறி, இன்ஜின் ஓடும்போது, ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை உருவினால் அந்த ஓட்டை வழியாகப் புகை குபுகுபுவென்று தள்ளுவது.

டிசையர்

டிசையரில் இருப்பது ஃபியட் கண்டுபிடித்த 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின். 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் இழுவை. இதே இன்ஜின்தான் ஸ்விஃப்ட், ரிட்ஸ், எர்டிகா, பிரெஸ்ஸாவிலும், டாடாவின் விஸ்டா, மான்ஸா, ஸெஸ்ட்டிலும், ஃபியட்டின் புன்ட்டோ, லீனியாவிலும், செவர்லே செயிலிலும் ஓடியது. இந்தக் காரின் பெரிய பலமே அதுதான். சங்கரன்கோவிலில் நின்றாலும் வள்ளியூரில் நின்றாலும் இந்த இன்ஜினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருப்பார். பார்ட்ஸ் அன்றைக்கே கிடைக்கும், கம்பெனி பார்ட்ஸும் வெளிப் பார்ட்ஸும் இரண்டும்.

இதன் பலவீனம், வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓடவைக்கிற டைமிங் செயின். செயின் என்றால் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். இந்த இன்ஜினில் ஆயில் கொள்ளளவே மூன்று லிட்டர் சொச்சம்தான். செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. அரை லிட்டர், முக்கால் லிட்டர் குறைந்த நிலையில் மாதக்கணக்கில் ஓட்டினாலோ, பத்தாயிரம் கி.மீ.க்கு மாற்ற வேண்டிய ஆயிலைப் பதினெட்டாயிரம்வரை தள்ளினாலோ டென்ஷனரும் கைடும் தேய்ந்து செயின் தளரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில், முதல் இரண்டு மூன்று விநாடி, டைமிங் கவர் பக்கமிருந்து சங்கிலியைத் தகரத்தில் உரசுவது போல ஒரு கரகர சத்தம் வரும். பிறகு அடங்கிவிடும். அந்த இரண்டு விநாடியைக் கேட்கத்தான் நீங்கள் காலையில் போக வேண்டும். “நான் வருகிறவரை வண்டியை எடுக்க வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ ஸ்டார்ட் பண்ணிச் சத்தத்தை அடக்கிவைத்திருக்கிறார்கள். அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் போங்கள்.

சத்தம் வருகிற கட்டத்திலேயே செயின் கிட் மாற்றினால் கூலியோடு பன்னிரண்டிலிருந்து இருபதாயிரத்தில் முடியும். கவனிக்காமல் விட்டுச் செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட் வேலைக்கு நாற்பதாயிரம் தாண்டும். சத்தம் வருகிற டிசையரை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் இருபதாயிரத்தை விலையில் கழித்துவிட்டு, வாங்கிய வாரமே செயின் மாற்றி ஓட்டலாம்.

மற்றபடி லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்டியரிங் ரேக் சத்தம் எல்லாம் சகஜம். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் ‘கடக்’ என்று கேட்கும். புஷ், லிங்க் ராடு வேலை ஐந்து, ஆறாயிரத்தில் முடியும். ரேக் என்றால் இன்னும் பத்தாயிரம் சேரும். 2016-இல் வந்த ஏ.ஜி.எஸ். ஆட்டோமேட்டிக் வண்டியை இந்த பட்ஜெட்டில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கிளட்ச்சை இயக்கும் ஆக்சுவேட்டர் போனால் செலவும் அதிகம், கை வைக்கத் தெரிந்தவரும் குறைவு. இன்னொன்று, எல்.டி.ஐ. போன்ற கீழ் வேரியண்ட்டுகளில் ஏர்பேக் இருக்காது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற வண்டி இது. இருபது, முப்பதாயிரம் கூடக் கொடுத்தாவது ஏர்பேக் உள்ள இசட்.டி.ஐ. தேடுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன்.

எட்டியோஸ்

டொயோட்டாவின் 1,364 சிசி டி-4டி இன்ஜின் 68 குதிரைத்திறன்தான். இதையும் செயின்தான் ஓட்டுகிறது. டிசையர் போல அதற்குக் கெட்ட பெயர் இல்லை. சக்தி குறைவாக வைத்திருப்பதால் இன்ஜினுக்குச் சிரமம் குறைவு. ஆயில் ஒழுங்காக மாற்றிய எட்டியோஸ் மூன்று லட்சம் கி.மீ. தாண்டியும் இன்ஜினைப் பிரிக்காமல் ஓடுவதை டாக்ஸிக்காரர்களிடம் விசாரித்தாலே தெரிந்துகொள்ளலாம். டிக்கி 595 லிட்டர். 2012-இல் வந்த டிசையர் மாடலின் 316 லிட்டர் டிக்கியோடு இதை வைத்துப் பாருங்கள். கொடைக்குப் போகும்போது அரிசிச் சாக்கு, பாத்திரம், பெட்டி, வாழைத்தார் எல்லாம் உள்ளேயே அடங்கிவிடும். மடியில் பை வைத்துக்கொண்டு யாரும் உட்கார வேண்டாம்.

குறை என்னவென்றால் ஐந்து பேரும் ஏ.சி.யும் போட்டுக்கொண்டு பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறினாலோ, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு பக்கம் போனாலோ கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே பிளாஸ்டிக்கும் சாதாரணம்தான். மீட்டர் நடுவில் இருப்பது சிலருக்குப் பிடிக்காது.

உண்மையான ஆபத்து வேறு. எட்டியோஸ் நிறைய டாக்ஸியாக ஓடிய கார். டி போர்டை (டாக்ஸிப் பதிவை) ஓன் போர்டாக (சொந்த உபயோகப் பதிவாக) மாற்றி, மஞ்சள் பட்டையைச் சுரண்டி, மீட்டரைத் திருப்பி, “ஒரே ஓனர் அண்ணாச்சி, டாக்டர் வச்சிருந்த வண்டி” என்று விற்கிறார்கள். 85,000 கி.மீ. காட்டுகிற வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் மழுங்கியிருந்தால், ஸ்டியரிங் பத்து மணி, இரண்டு மணி பக்கம் வழவழவென்று மின்னினால், டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கியிருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். ஆர்.சி. எண்ணை வைத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கடைசியாகப் பதிவான கி.மீ. கேளுங்கள். அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டியின் வகையைப் பாருங்கள். டாக்ஸியாக ஓடியதாலேயே வண்டி மோசம் என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காகப் பராமரித்த டாக்ஸியும் உண்டு. ஆனால் இரண்டரை லட்சம் கி.மீ. ஓடிய வண்டிக்கு அந்த ஓட்டத்துக்குரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

பார்ட்ஸ் விலை டிசையரைவிடக் கொஞ்சம் கூடுதல். பதிலுக்கு, மாற்ற வேண்டி வருவது குறைவு.

அமேஸ்

2013-இல் ஹோண்டா இந்தியாவில் கொண்டுவந்த முதல் டீசல் கார். 1,498 சிசி ஐ-டிடெக், 100 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். நாலுவழிச்சாலையில் மதுரைக்கு அடிக்கடி போகிறவருக்கு இந்த மூன்றில் ஓட்டச் சுகமானது இதுதான். முந்துவதற்கு யோசிக்கவே வேண்டாம். சத்தம்தான் அதிகம், உள்ளேவரை கேட்கும். அந்தச் சத்தத்தாலும், ஹோண்டா 2023-இல் டீசலையே நிறுத்திவிட்டதாலும் சந்தையில் அதே வருடத்து டிசையரைவிடக் குறைத்தே கேட்கிறார்கள்.

அந்த மலிவு எங்கே போகும் என்று சொல்கிறேன். இந்த இன்ஜின் வேறு கம்பெனி கார்கள் எதிலும் இல்லை. ஹை பிரஷர் பம்ப், சென்சார் என்று டீசல் லைனில் ஏதாவது போனால் பார்ட்ஸ் மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வேண்டும், வண்டி இரண்டு மூன்று நாள் ஷெட்டில் கிடக்கும். பம்ப் மட்டுமே முப்பதாயிரம் தாண்டும். இன்ஜின் மவுன்ட் ஒன்றே நாலு, ஐந்தாயிரம். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கும் சீட்டும் ரொம்ப நடுங்கினால் மவுன்ட் போய்விட்டது. கம்பெனி சொன்ன மெல்லிய ஆயிலை விட்டுவிட்டு, வெளி ஷெட்களில் கையில் இருக்கிற கெட்டி ஆயிலை ஊற்றிவிடுவதும் உண்டு; சர்வீஸ் பில்லில் ஆயிலின் பெயரைப் படித்துப் பாருங்கள். தரையிலிருந்து இடைவெளி 165 மி.மீ.தான். ஐந்து பேரோடு ஊர்ப்பக்கத்து வேகத்தடைகளில் அடிதட்டும், ஆயில் சம்ப்பைக் குனிந்து பார்க்க வேண்டும்.

மாதம் இரண்டு தடவையாவது நெடுந்தூரம் போகிறவர், கம்பெனி சர்வீஸ் பில் வரிசையாக வைத்திருக்கிற ஒரே ஓனரிடமிருந்து கிடைத்தால், அமேஸ் வாங்கலாம். பில் இல்லை என்றால் வேண்டாம்.

மூன்றில் எது?

இரண்டு வருடத்துக்குப் பட்டறைக்கென்று நான் ஒதுக்கச் சொல்லும் தொகை: டிசையருக்கு ஐம்பதாயிரம், எட்டியோஸுக்கு நாற்பத்தைந்தாயிரம், அமேஸுக்கு அறுபத்தைந்தாயிரம். டயர் தேய்ந்திருந்தால் நாலுக்கும் இருபதாயிரம், பேட்டரிக்கு ஆறாயிரம் தனி. நாலு லட்சம் கையில் இருந்தால் மூன்றரை லட்சத்து வண்டியைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

மாதம் ஆயிரம் கி.மீ. பக்கம் ஓட்டம், வீட்டில் ஒரே கார், நின்றுபோனால் வேறு வழியில்லை என்கிற குடும்பத்துக்கு 2014, 2015 மாடல் டிசையர் இசட்.டி.ஐ. வாங்கச் சொல்வேன். கெடாது என்பதற்காகச் சொல்லவில்லை. கெட்டால் என்ன கெடும் என்று தெரியும், அதை அம்பாசமுத்திரத்திலேயே அன்று மாலைக்குள் சரிசெய்துவிடலாம். மாதம் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் ஓடுகிறவர்கள், சாமான் ஏற்றுகிறவர்கள், ஓன் போர்டாகவே ஓடிய எட்டியோஸ் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அப்படி ஒன்று கிடைப்பதற்குப் பொறுமை வேண்டும்.

வென்டோ மாதிரி வண்டியில் உட்கார்ந்தால் இறங்க மனசு வராது. கதவு மூடுகிற சத்தமே தனி. 250 நியூட்டன் மீட்டர் இழுவை. ஆனால் அதில் டைமிங் பெல்ட். எப்போது மாற்றியது என்று பில் இல்லாவிட்டால் வாங்கியதும் முதல் வேலையாக மாற்ற வேண்டும், இருபதாயிரம் பக்கம். அறுந்தால் இன்ஜினே போகும். கிளட்ச்சோடு டூயல் மாஸ் ஃப்ளைவீலும் சேர்ந்து போனால் ஐம்பதாயிரம் தாண்டும். டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக்கில் கியரை மாற்றுகிற மெக்கட்ரானிக்ஸ் போனால் ஒரு லட்சத்துக்கு மேல். 1.6 டீசல் வண்டி என்றால், புகைச் சோதனை மென்பொருள் விவகாரத்தில் 2015-இல் அறிவித்த ரீகால் வேலை முடிந்ததா என்றும் கேட்க வேண்டும். நாலு லட்சம்தான் மொத்தச் சேமிப்பு என்கிற குடும்பம் இந்தப் பக்கம் போக வேண்டாம். ஃபோர்டு ஆஸ்பயரிலும் பெல்ட்தான். 2021-இல் கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததால் விலை இறங்கிக் கிடக்கிறது. பெல்ட் மாற்றிய பில்லோடு வந்தால் கொடுத்த காசுக்கு நல்ல கார்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

எந்த மாடலாக இருந்தாலும் இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்ம ஜனங்கள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமும், கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமும் தெருக்களுக்குள் புகுந்தது. அன்றைக்குக் கழுத்தளவு தண்ணீரில் நின்ற கார்களில் பல கழுவித் துடைத்து மறுபடி விலைக்கு வந்திருக்கின்றன. 2018 கேரள வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் செங்கோட்டை வழியாகவும் களியக்காவிளை வழியாகவும் இந்தப் பக்கம் வந்தன.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியாத அந்தக் கடைசி முழத்தில் வண்டல் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள ரெயிலில் துரு, ஸ்டெப்னி குழியின் மூலையில் உலர்ந்த களிமண், ஃபியூஸ் பெட்டிக்குள் பச்சைப் பூப்பு, ஹெட்லைட்டுக்குள் ஆவி. ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் பத்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்தால் கார்பெட் நாற்றம் தானே சொல்லும். தண்ணீரோடு ஸ்டார்ட் பண்ணிய டீசலில் கனெக்டிங் ராடு லேசாக வளைந்திருக்கலாம். அது உடனே தெரியாது, ஆறு மாதம் கழித்துப் பிளாக்கை உடைத்துக்கொண்டு வரும். ஒயரிங்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான இ.சி.யு.வும் நனைந்த வண்டிக்கு ரிப்பேர் கணக்கு என்று ஒன்று கிடையாது, வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உவரி, கூடங்குளம், மணப்பாடு, திருச்செந்தூர் என்று கடலோரம் நின்ற வண்டிக்கு உப்புக்காற்று வேறு. லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதி, பிரேக் பைப், சைலன்சர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பைப்பில் துரு உரிந்து வந்தால் அதை மாற்றாமல் ஒரு கி.மீ. கூட ஓட்டக் கூடாது.

ஆர்.சி. புத்தகம்

தனியார் காருக்குப் பதிவு பதினைந்து வருடம். 2013 மாடல் வாங்கினால் 2028-இல் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து ஐயாயிரம் ரூபாய், பசுமை வரி தனி. அதற்குமுன் பாடி வேலை, பெயின்ட், லைட் எல்லாம் ஒழுங்காக்க இருபதாயிரமாவது ஆகும். ஒரு வருடம் புதிய மாடலுக்கு முப்பதாயிரம் கூடக் கேட்டால், இந்தக் கணக்கில் அது நியாயமாகவே இருக்கும்.

டெல்லி வண்டி என்று பளபளப்பாகவும் மலிவாகவும் வந்ததற்குக் காரணம், பத்து வருடம் தாண்டிய டீசல் கார் அங்கே ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்ததுதான்; 2025-இல் அந்தத் தடையை நீதிமன்றம் ஓரளவு தளர்த்தியது. அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, இங்கே எண் மாற்றுகிறவரை முடிந்த செலவைக் கூட்டிப் பார்த்தால் திருநெல்வேலிப் பதிவான டி.என். 72 வண்டியைவிடப் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. என்.ஓ.சி. இல்லாமல் “பிறகு பார்த்துக்கலாம்” என்று வருகிற வண்டியைத் தொடாதீர்கள்.

ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் பதிவு) இருந்தால் பேங்க் கொடுத்த என்.ஓ.சி.யும், அதை நீக்குவதற்கான, ஓனர், பேங்க் இரண்டு பேர் கையெழுத்தும் உள்ள ஃபார்ம் 35-ம் கையில் வர வேண்டும். பேர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30-இல் விற்கிறவர் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். முன்பே போட்டு வைத்த வெற்றுப் ஃபார்ம் என்றால் அந்த ஓனரை நேரில் பார்க்காமல் நகராதீர்கள். நிலுவையில் உள்ள அபராத சலானை அவரே கட்டட்டும். இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். பேர் மாறி ஆர்.சி. வருகிறவரை ஒரு இருபதாயிரத்தை நிறுத்தி வைத்துக்கொள்வதாக வாங்கும்போதே பேசி, அதையும் ஒப்பந்தத் தாளில் எழுதிவிடுங்கள். நம்ம பக்கத்து கன்சல்டிங்குகளில் இதற்குச் சம்மதிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், அவர்களிடமே வாங்குங்கள்.